ஈரத்துண்டு

மார்ச் 6

தம்பிக்கு,

நீ, ஊசி, வாண்டு மூன்று பேரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் பெண்டாட்டியை ஊசி என்று கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காது. தையல்காரியை வேறு என்னவென்று கூப்பிடுவது? நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கப்போவதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்: அப்படியேதான் இருக்கிறேன்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இடது கை. போனில் பேசலாம்தான். பேசினால் நீ கத்துவாய், பட்டாளத்தில் கத்திப் பழகினவள் நான் அதைவிடக் கத்துவேன். அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். இயலாமை ஓய்வூதியம் கேட்டு நான் கொடுத்த மனுவைத் தள்ளிவிட்டார்கள். பணிமனையில் லாரிக்கு அடியில் வேலை செய்தபோது ஜாக்கி சரிந்து என் வலது மணிக்கட்டு நசுங்கியது, அதை ஒப்புக்கொள்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது, படத்தில் ஒன்றும் தெரியவில்லை, மிச்சமிருக்கும் வலி என்பது மனுதாரர் வாயால் சொல்வது மட்டுமே என்கிறார்கள். நரம்புக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பட்டாள ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தது அவர்களுக்குப் போதவில்லையாம்.

மேல்முறையீடு செய்திருக்கிறேன். கூட இருந்து பார்த்த ஒருவர் எழுதித் தந்தால் நல்லது என்றார்கள். பட்டாளத்திலிருந்து வந்ததும் எட்டு மாதம் உன் வீட்டில்தான் கிடந்தேன். வேறு யாரிடம் போய் நிற்பேன்? பொய் எழுதச் சொல்லவில்லை. பார்த்ததை எழுது.

வாண்டுவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே யாருக்கும் குறையில்லை.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர் என்பது உனக்குத் தெரியும். தினமும் நாலு பேர் என்னிடம் வந்து அழுகிறார்கள். எல்லோருடைய வண்டியையும் எவனோ இடித்துவிட்டு ஓடிவிட்டான், எல்லோரும் உத்தமர்கள். நசுங்கின கதவை நான் தொட்டுப் பார்த்துச் சொல்வேன், இது நேற்று நசுங்கியதா போன வருடம் நசுங்கியதா என்று. வலியை எங்கே தொட்டுப் பார்ப்பது? தொட்டுப் பார்க்க முடியாததற்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. அக்காவுக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயம் என்று கிடையாது.

பார்த்ததை எழுது என்கிறாய். சரி. வாண்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ மாடி ஏறினதைத் தெருமுனையிலிருந்து நான் பார்த்தேன். ஒரு சட்டைத் துணி உரசினாலே உயிர் போகிறது என்று சொல்கிறவள் ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவாளா? அதை எழுதட்டுமா?

இன்னொன்று. சோறு போட்ட வீட்டை விட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் நீ. இப்போது காரியம் ஆக வேண்டும் என்றதும் தம்பி ஞாபகம் வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

சௌக்கியம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும், சௌக்கியமா?

எந்தக் கையில் தூக்கினேன்? சர்வேயர்தானே, சொல். வாண்டு இருந்தது என் இடது இடுப்பில். வலது கையை ஈரத் துணி காயப்போடுகிற மாதிரி எட்ட நீட்டிக்கொண்டு ஏறினேன். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சலில் கண் சொருகியிருந்தது. ஊசி அவள் தையல் கடையில் இருந்தாள். நீ வேலையில் இருப்பதாக நினைத்தேன். தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது இப்போதுதான் தெரிகிறது. பார்த்தவன் ஓடி வந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

ஏறினதைப் பார்த்தாய். பாதிப் படியில் அவள் கால் என் வலது கையில் இடித்ததைப் பார்த்தாயா? அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க ஊசி எனக்குச் சோறு ஊட்டினாளே, அதைப் பார்த்தாயா? ஒரே மேஜையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாய். பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

சொல்லாமல் போனேன் என்கிறாய். ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் அதை எழுத மாட்டேன். எழுதினால் அது இருந்ததாகிவிடும்.

ஒரு பக்கம் போதும். எழுதி அனுப்பு.

அக்கா

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் அது பொய். நான் பொய் எழுதுவதில்லை.

வலி வலி என்கிறாய். வலி என்றால் அது அம்மாவுக்கு இருந்தது. படுத்த படுக்கையாக இருந்த இரண்டு வருடமும் முதுகுப் புண்ணைத் துடைத்தவன் நான். நீ உடுப்பு மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பினாய். அம்மா அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம், "என் பொண்ணு பட்டாளத்துல இருக்கா, இவன் சும்மா வீட்டுல இருக்கான்" என்று சொல்லுவாள். சும்மா இருக்கிறவன் பக்கத்தில் மலச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

அப்போது எனக்கு யாரும் சான்று தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இதற்கு மேல் இந்த விஷயமாக எழுத வேண்டாம்.

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு கிடையாது.

நேற்று விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் சட்டம் தெரிந்த ஒரு அம்மாள். தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. காற்று பட்டாலே என் கையில் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

"ஐயா, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்றீங்களா?" என்றேன்.

"என்னம்மா, வெயில் கொல்லுது," என்றார் டாக்டர். என் கையைப் பார்த்து, "வீக்கம் இல்ல. நிறம் லேசா மாறியிருக்கு. விரலை மடக்குங்க பார்ப்போம்," என்றார். மடக்கினேன். "மடங்குதே!" என்றார், நான் ஏதோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி.

மடங்கும். மடங்காது என்று நான் எங்கே சொன்னேன்? மடக்கினால் என்ன ஆகும் என்றுதான் சொன்னேன். அதைக் கேட்கத்தான் அங்கே காது இல்லை.

நான் குரலை உயர்த்தினேன். அப்போது தலைவர் கையமர்த்திவிட்டு, நிஜமாகவே வருத்தப்பட்ட குரலில் சொன்னார்: "அம்மா, நாங்க என்ன பண்றது? முதல் விசாரணையப்போ எங்க ஆள் உங்க பழைய விலாசத்துக்குப் போயிருக்கார். உங்க கூடப் பிறந்தவரே, எல்லா வீட்டு வேலையும் செய்வாங்க, குழந்தையத் தூக்குவாங்க, ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்காரே."

மூன்று மாதமாக நான் யாரிடம் சான்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார். கோழி திருடினவனிடமே போய்க் கோழியைக் காணோம் என்று சொல்லி அழுதிருக்கிறேன். நீயும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதினாய். உண்மை பேசுகிறவன் என்று வேறு எழுதினாய்.

ஆகஸ்ட் வரை அவகாசம் தந்திருக்கிறார்கள். நேரில் பார்த்த சாட்சி யாராவது வந்தால் கேட்பார்களாம். அதற்கு மேல் கிடையாது.

ஏன்டா சொன்னாய்? ஒரு வரியில் பதில் போடு.

ஜூன் 20

அக்காவுக்கு,

கேட்டார்கள். சொன்னேன்.

தம்பி

ஜூலை 15

அக்காவுக்கு வணக்கம்.

நான் ஊசி எழுதுகிறேன். உங்கள் கை எப்படி இருக்கிறது? எரிச்சல் அதிகமாகிவிட்டதா, தோள் வரைக்கும் வருகிறதா என்று தினமும் நினைத்துக்கொள்வேன். வாண்டுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. காற்று போகிற குரலில் உங்களைப் போலவே எல்லோரையும் அதட்டுகிறாள்.

உங்கள் கடிதங்களை அவர் என்னிடம் காட்டவில்லை. கடைசியாக வந்ததைப் படித்துவிட்டு மேஜை மேலேயே போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அதில் பார்த்தேன். மாடிப்படி சமாச்சாரம், ஏன் போனேன் என்று எழுத மாட்டேன் என்று நீங்கள் சொன்னது எல்லாம் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆள் வந்தபோது நான் உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் சொன்னது எனக்குக் கேட்டது. வந்த ஆள் போன பிறகு, "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்றார். நானும் போய்விட்டேன். வெட்டின துணியை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, நீங்கள் எழுத மாட்டேன் என்று சொன்னதை நான் எழுதப்போகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் உங்கள் கடைசி நாளன்று மத்தியானம் நீங்கள் மாத்திரை போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். இவர் குளித்துவிட்டு வந்தவர், உங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் குனிந்து, கையில் இருந்த ஈரத்துண்டை உங்கள் வலது கை மேல் மெதுவாக விரித்துப் போட்டார். நீங்கள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். "கை தவறி விழுந்துடுச்சு" என்றார். நீங்கள் அவர் முகத்தைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். மறுநாள் காலையில் நீங்கள் இல்லை.

நீங்கள் நடிக்கிறீர்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்த நிமிஷத்தில் அது நடிப்பு இல்லை என்று தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகுதான் அந்த ஆளிடம் அப்படிச் சொன்னார். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

காரணம் என்னவென்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார். நீங்களும் அவரும் ஒரே வருஷம்தான் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போய் நின்றீர்களாம். காது சரியில்லை என்று இவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "எனக்குக் கேக்குதுய்யான்னு சொன்னேன், ஒருத்தனும் நம்பல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

அது பாவம்தான். அதற்காக இதுவா?

ஆகஸ்ட் விசாரணைக்கு நான் வருகிறேன். தேதி மட்டும் எழுதுங்கள். கடை விலாசத்துக்கு எழுதுங்கள்.

ஊசி

ஜூலை 24

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதம் வந்தது. என் கையை முதலில் விசாரித்துவிட்டு மற்றதை எழுதியிருக்கிறாய். இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்து நாளாகிவிட்டது.

விசாரணை ஆகஸ்ட் 18, காலை. வந்தால் சந்தோஷம். வராவிட்டால் வருத்தமில்லை, உனக்கு ஒரு வீடு இருக்கிறது. அதை இதற்காகக் கலைத்துக்கொள்ளாதே.

வந்தால் எனக்குத் தலை வாரிவிட்டதைச் சொல். சோறு ஊட்டியதைச் சொல். நீ எனக்குத் தைத்துக் கொடுத்த சட்டையைச் சொல். துண்டைச் சொல்லாதே. அவன் எனக்குத் தம்பி. அம்மாவின் முதுகைத் துடைத்தவன், அதிலும் பொய்யில்லை. நாலு பேர் முன்னால் அவனை அப்படி நிறுத்த எனக்கு மனது வரவில்லை.

வாண்டுக்கு முத்தம்.

அக்கா

செப்டம்பர் 1

அக்காவுக்கு,

அவள் குழந்தையை அழைத்துக்கொண்டு போய் இரண்டு வாரம் ஆகிறது. தையல் மெஷினைக்கூடத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். போனை எடுப்பதில்லை. அங்கேதான் இருக்கிறாள் என்று தெரியும்.

என்ன சொல்லி அவள் மனதைக் கலைத்தாய்? குடும்பத்தைப் பிரிக்கத்தான் பட்டாளத்தில் பயிற்சி கொடுத்தார்களா? உனக்கு அந்த ஓய்வூதியம் கிடைக்க வேண்டும் என்பதற்காக என் வீட்டை அடகு வைத்துவிட்டாய். கிடைத்ததா? திருப்தியா?

தம்பி

செப்டம்பர் 10

தம்பிக்கு,

உன் பெண்டாட்டியும் பிள்ளையும் சௌக்கியம். வாண்டு இங்கே பள்ளிக்கூடம் போகிறாள்.

கேட்டதற்குப் பதில். கிடைத்தது. முழுசாக இல்லை. இரண்டு வருடம் கழித்து மறுபரிசோதனைக்கு வர வேண்டுமாம். அதற்குள் வலிக்கும் வயதாகி ரிடையர் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள் போல.

அன்றைக்கு நடந்ததை நீ வேறு யார் வாயிலாகவும் கேட்பதைவிட என்னிடமே கேட்டுக்கொள்.

அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டி, மெஷின், குழந்தை எல்லாவற்றோடும் விசாரணை அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டதும் முதல் வேலையாக நேரே சுவர் பக்கம் போய் ஃபேனை நிறுத்தினாள். யாரையும் கேட்கவில்லை.

"நீங்க யாரும்மா?" என்றார் தலைவர்.

"இவங்க தம்பி சம்சாரம். தையல்காரி. இவங்களுக்கு வலது கை இல்லாத சட்டை தைச்சுக் கொடுத்தது நான்தான். தோள்கிட்ட நாடா வச்சு முடியற மாதிரி. தையல் விளிம்பு பட்டாலும் தாங்காதுன்னு விளிம்பை வெளிப்பக்கமா திருப்பித் தைச்சேன். ஒண்ணு ரெண்டு இல்ல, உடுத்தறது அத்தனையும்."

டாக்டர் விடவில்லை. "அதெல்லாம் சரிம்மா. இவங்க கேட்டாங்க, நீங்க தைச்சீங்க. வலி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சொன்னதை நம்பினீங்க, அவ்வளவுதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தூங்கறவங்க நடிப்பாங்களா டாக்டர்?" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மத்தியானம், மாத்திரை, துண்டு, அலறல். உன் பெயரைச் சொல்லவில்லை, "என் வீட்டுக்காரர்" என்றாள். சட்டம் தெரிந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டாக்டர் என் கையை மறுபடி ஒருமுறை பார்த்தார். இந்தத் தடவை கிட்டே வரவில்லை, தொடவில்லை. தலைவர், "அந்த மனுஷன்தானா விசாரணைல ஒண்ணும் இல்லைன்னு சொன்னது?" என்று கேட்டார். அவள் "ஆமாங்க" என்றாள்.

நான் ஜெயித்தேன். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. நம் இரண்டு பேர் நடுவில் மட்டும் இருந்த ஒன்று அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது.

அவள் மனதை நான் கலைக்கவில்லை. சொல்லாதே என்றுதான் எழுதியிருந்தேன். வேண்டுமானால் அதையும் நம்பாதே.

அக்கா

அக்டோபர் 19

அக்காவுக்கு,

நலமா? கை எப்படி இருக்கிறது?

நீ எழுதினதைப் பற்றி ஒன்றும் எழுத முடியவில்லை. எழுதினால் சண்டையாகிவிடும்.

வீடு வீடாக இல்லை. வாண்டுவின் செருப்பு ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, இன்னொன்றைக் காணோம். ஒரு கால் செருப்போடு எப்படிப் போனாள் என்று தெரியவில்லை. ஆபீஸில் கையெழுத்துக்காக வந்து நிற்கிற முகங்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. ஒரு கிழவரை நேற்று அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். பிறகு ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

அவளுக்கு நீ ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் கேட்பாள். நான் கெட்டவன் இல்லை என்று உனக்குத் தெரியும். அதை மட்டும் சொன்னால் போதும்.

தம்பி

நவம்பர் 2

தம்பிக்கு,

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன்: கை எரிகிறது. இன்றைக்கு முழங்கை வரைக்கும். இப்படிக் கேட்டதற்கு நன்றி.

உன் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். அடுப்படியில் நின்றபடியே படித்தாள். செருப்பு வரி வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். "வழியில பஸ்ல ஏறறப்போதான் பாத்தேன், வெறுங்காலோட இருந்தா. தூக்கிக்கிட்டே வந்தேன்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

நல்லவன் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவன் என்றும் சொன்னதில்லை. சாயங்காலம் நானாகவே கேட்டேன், "என்ன பண்ணப்போற?" என்று. "தெரியலக்கா. அன்னிக்கு அடுப்படியில நின்னுக்கிட்டுப் பாத்தேன் பாருங்க, அதுலேர்ந்து எனக்கு உள்ளுக்குள்ள எங்கயோ வலிக்குது. எங்கேன்னு கேட்டா காட்டத் தெரியாது" என்றாள்.

வருவதாக இருந்தால் நீயே வா. கடிதம் போடாதே, என்னைத் தூது விடாதே. சண்டை போடத் தோன்றினால் வாசலிலேயே என்னிடம் போட்டு முடித்துவிட்டு உள்ளே போ, நான் இருப்பேன். அவள் எங்கே வலிக்கிறது என்று சொல்வாள், சொல்ல நேரமாகும், உட்கார்ந்து கேள். உனக்குத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். தொடாதே. சொன்னதும் நம்பு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருக்கிறோம்.

அக்கா